துவைக்காத சட்டை

அழிந்துபோன உலகத்தைப் படமெடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே நினைப்பு: உலகம் அழியும்போது சோப்பும் சேர்ந்து அழிந்துவிடுமாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அப்படி ஒரு படத்துக்கு உடை வடிவமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதுவரை யார் யாருக்கோ உதவியாளராகக் குண்டூசி பிடித்துக்கொண்டிருந்தவள் நான். டைட்டிலில் உன் பெயர் தனியாக வரும் என்றார் இயக்குநர். படப்பிடிப்பு எங்கள் நெய்வேலியிலேயே, சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில். அப்பாவுக்கு அந்தச் சுரங்கத்தில்தான் கன்வேயர் பெல்ட்டில் வேலை. மகள் பெயர் திரையில் வரப்போகிறது என்று ஷிப்டில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

சட்டைகளைப் பழசாக்க நான் மாதிரி தேடி எங்கும் போகவில்லை. அப்பாவின் யூனிபார்ம் எங்கெங்கே தேயும் என்று பார்த்து வளர்ந்தவள். முதலில் காலர் மடிப்பு நைந்துபோகும், பிறகு வலது தோள், பிறகு முழங்கை. அந்த இடங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன். டீத்தூள் டிக்காஷனில் ஊறவைத்தேன். கிழிந்த இடத்தில் வேறு நிறத் துணியில் ஒட்டுப் போட்டேன். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டெக்ஸ்ச்சர் பத்தலம்மா. ஒட்டுத் துணியெல்லாம் பிச்சிடு. உலகமே அழிஞ்சுபோச்சு, எவன் உக்காந்து தைப்பான்?"

"உயிரோட இருக்கிறவன் தைப்பான் சார்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரியென்று பிய்த்தேன். நிலக்கரித் தூளை எண்ணெயில் குழைத்து அப்பினேன். எல்லாவற்றையும் மூட்டை கட்டி எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வைத்துவிட்டு, லொகேஷன் பார்க்கப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் கொடி முழுக்கச் சட்டை. பளிச்சென்று தொங்குகிறது. அம்மா அத்தனையையும் ஊறப்போட்டு, அடித்துத் துவைத்து, காய்ந்ததில் ஓட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னம்மா பண்ணி வச்சிருக்க!"

"பின்ன? உங்கப்பா இத்தினி வருஷமா கரியிலதான் பொரள்றாரு. ஒரு நாளாச்சும் அழுக்கு யூனிபார்ம மாட்டிக்கினு ஷிப்டுக்குப் போயிருப்பாரா? இந்த மூட்டையப் பாத்தா பிளாக்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் காலை படப்பிடிப்பு. கைக்குக் கிடைத்த புழுதியை அப்பி எடுத்துப் போனேன். இயக்குநர் ஒரு சட்டையை உதறினார், புழுதி போய்ச் சட்டை பளபளத்தது. கத்த ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து நைட் ஷிப்ட் முடிந்த ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள். ஒருவரைக் கைகாட்டினார் இயக்குநர்.

"அதான் டெக்ஸ்ச்சர்! அந்த ஆளு சட்டையக் கழட்டி வாங்கு."

"சார், அது எங்க அப்பா."

"அப்போ இன்னும் ஈஸி."

இன்னும் ஈஸியாம்! என்ன ஜென்மமோ.

என்னைப் பார்த்ததும் அப்பா சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். இயக்குநரே அவரிடம் போய்க் கேட்டார். நடு ரோட்டில், கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சட்டையைக் கழற்றச் சொல்லி. மகளுடைய முதலாளி ஏதோ கேட்கிறார் என்றுதான் அப்பாவுக்குப் பட்டது.

"குடுக்கறதுக்கு என்னங்க. வூட்ல தொவச்சி நாளைக்கு எடுத்தாறேன். அழுக்கோட எப்படிங்க ஒருத்தருக்குக் குடுக்கறது?"

யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்று தெரியாமல் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சட்டை வராது சார். தொவச்சும் வராது," என்றேன். "நீங்க வீட்டுக்குப் போங்கப்பா."

அன்று மத்தியானமே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

படம் வந்தபோது அப்பா அம்மாவோடு போய்ப் பார்த்தேன். காலர், வலது தோள், முழங்கை, எல்லாம் நான் தேய்த்த சட்டைகளேதான், மேலே கரியை அப்பியிருந்தார்கள். "ஒருத்தன் வூட்லயும் ஒரு துண்டு சோப்பு இல்லியா?" என்று அம்மா முணுமுணுத்தாள். படம் முடிந்து கூட்டம் கலைந்தது. அப்பா மட்டும் எழுந்திருக்காமல் திரையில் ஓடிய பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். என் பெயர் வரவில்லை.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கே அந்தச் சட்டையக் கழட்டிக் குடுத்திருக்கணும்மா. என்னாலதான்."

பெயர் போனால் போகிறது. என் அப்பாவை இப்படிச் சொல்ல வைத்தானே பாவி, அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்.