கூரையில்லாத கோயிலுக்கு ஒட்டகத்தில்

என் அம்மா ஒட்டகத்தில் ஏறியவர். யாராவது தங்கள் அம்மாவைப் பற்றிப் பெருமையடிக்கத் தொடங்கினால், அவர்கள் மூச்சுவாங்கும் நேரத்தில் நான் இதைச் சொல்லிவிடுவேன். இதென்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது. லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் எஸ்கலேட்டரைக் கண்டாலே, "நீ போ, நான் படியால வாறன்" என்று ஒதுங்கிவிடுகிறவர் அவர்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. லண்டன் ஹரோவில் எங்கள் தேவாலயப் பங்குத் தமிழ்ச் சனம் கூட்டமாக எகிப்துக்கு யாத்திரை போனது. மாதாவும் பாலனுமாகத் திருக்குடும்பம் ஒளிந்து வாழ்ந்த நாடு என்பது சுவாமியார் சொன்ன காரணம். என்னுடைய காரணம் ஒட்டகம்.

நைல் நதியைப் படகில் கடந்தால் அக்கரையில் மணல், மணல், மணல். மேட்டின் உச்சியில் ஏதோ இடிந்து கிடந்தது. அதுவரைக்கும் ஒட்டகச் சவாரி. சிறுபிள்ளைகள் பெரிய ஆள் ஒருவரோடுதான் ஏறலாம் என்று வழிகாட்டி சொன்னதும் நான் எனக்கொரு பெரிய ஆளைத் தேடினேன். அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அவர் வரவில்லை. அம்மாவின் தம்பியான சின்ன மாமாவின் ஒட்டகத்தில் அவருடைய மகன் முந்தியே ஏறிக் குந்திவிட்டான்.

"மாமி படகைக் காவல் காக்கட்டும். நீயும் இருந்து மீனுக்குப் பாண் துண்டு போடு," என்று என் அம்மாவைக் காட்டிச் சிரித்தான்.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "எனக்கு ஏலாது, பிள்ளை. அது எழும்பேக்குள்ளயே நான் விழுந்திடுவன்," என்றார் அம்மா. நான் அழவில்லை, அழுகைக்கு முந்தைய எல்லா வேலைகளையும் செய்தேன்.

அந்த நேரம் வழிகாட்டி மேட்டைக் காட்டி, அது ஒருகாலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடம், உள்ளே ஒரு கோயில் உண்டு, கூரைதான் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"வா, ஏறுவம்."

ஒட்டகம் பின்கால்களை நிமிர்த்தியபோது அம்மா மாதாவைக் கூப்பிட்டார், அந்தோனியாரைக் கூப்பிட்டார், கடைசியில் ஒட்டகத்திடமே மன்றாடினார். ஆனால் இறங்கவில்லை. எனக்காக ஏறினார், எனக்காக மட்டும்! மச்சானை முந்தும்போது ராணி மாதிரிக் கையசைத்தேன்.

கோயில் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். மணல் தணலாய்க் கொதித்தது. வழிகாட்டி பதறிப்போய், இங்கே வழிபாடே இல்லை, செருப்பைப் போடுங்கள் என்று கெஞ்சினார்.

"கூரை போனாக் கோயில் இல்லையெண்டாகுமோ?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு அம்மா உள்ளே போனார். அந்தக் கேள்விக்குப் பிறகு யார் செருப்போடு நிற்பது? சனம் முழுவதும் வெறுங்காலில் துள்ளித் துள்ளிப் பின்னால் போனது, சுவாமியார் உட்பட.

அதிசயம் அதற்குப் பிறகுதான். வழிகாட்டி வாய் திறப்பதற்கு முன்பே அம்மா கைகாட்டிச் சொல்லத் தொடங்கினார். "இதில பீடம் இருந்திருக்கும். அங்கால பாடகர் நிக்கிற இடம். அந்தச் சுவருக்குக் கிட்டப் போகாதேங்கோ, வெடிச்ச சுவர் சொல்லாமல் விழும்." சின்ன மாமா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். என் தலை கூரையில்லாத அந்த வானத்தைத் தொட்டது.

சின்ன மாமா தாழ்ந்த குரலில், "ஊரில எங்கட கோயில் மாதிரியே கிடக்கு, அக்கா," என்றார்.

"ஓம். சண்டையில ஷெல் விழுந்து கூரை போன அடுத்த ஞாயிறும் அதுக்குள்ளதானே பூசை கண்டனாங்கள்."

அம்மா மணலில் முழங்காலிட்டார். எழும்ப நெடுநேரம் ஆனது. சுடவில்லையா என்று கேட்டேன்.

"சுடுதுதான்," என்றார்.

லண்டன் திரும்பியதும் வகுப்பில் எழுந்து நின்று, இடிந்த கட்டடத்தைப் பார்த்தே எது எங்கே இருந்தது என்று என் அம்மா சொல்லிவிடுவார் என்றேன். அம்மா தொல்பொருள் ஆய்வாளரா என்று ஆசிரியை வியந்தார். அந்த வார்த்தையின் நீளமே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆம் என்றேன். இதையெல்லாம் அம்மா எங்கே பழகினார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.