இடது கையால் வரைந்த விரிசல்கள்

அந்தத் துணி அச்சு ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் நிற்கும் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் இலையக்காதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பிரிண்டிங் மாஸ்டர்கூடக் கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார்.

எல்லாம் ஒரே ஓர் இலை செய்த வேலை. இருபத்து மூன்று வயதில் டிசைன் அறையில் அவள் சேர்ந்த புதிதில், ஜன்னல் கண்ணாடியின் உடைந்த மூலை வழியாக ஒரு கொடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பொழுது போகாமல் அதன் இலை ஒன்றை வரைந்தாள். தடித்த இலை, நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். முதலாளி கண்ணில் அது பட்டது. படுக்கை விரிப்பில் அடித்துப் பார்க்கலாம் என்றார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. மறுவருடம் அதே இலை நீலத்தில் வந்தது. அதற்கடுத்து சின்ன இலை, பிறகு பெரிய இலை, ஜோடி இலை, கோடு போட்ட இலை. பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. நடுவில் ஜன்னலை அடைத்து ஏசி மாட்டினார்கள், கொடியையும் வெட்டி எறிந்தார்கள். அவள் இலையை வரைந்துகொண்டே இருந்தாள்.

வீட்டிலும் தப்ப வழியில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அச்சு பிசகிய துணிகளை ஆலையில் ஊழியர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். அண்ணி ஒன்றையும் விட்டதில்லை. கட்டில், தலையணை, ஜன்னல், தையல் மெஷினின் மூடி எங்கும் இலைதான்.

"அண்ணி, என் ரூம் ஜன்னலுக்காவது வேற துணி போடலாமே," என்று ஒருநாள் கேட்டாள்.

"ஏன், இதுக்கு என்ன குறை? நீ போட்ட டிசைன்மா. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமையா சொல்லிட்டிருக்கேன்."

அண்ணி ஒப்புக்குச் சொல்கிறவள் அல்ல. மனதார வைக்கிற அன்பை எந்த வாயால் வேண்டாம் என்பது? அவள் பின்னறைக்குப் போய் அந்த இலை விரிப்பிலேயே படுத்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்றாவது வயதில் ஒரு கதவு திறந்தது. முதலாளியின் மருமகன் புது மேனேஜராக வந்தார். சுறுசுறுப்பானவர், நாலும் படித்தவர். வந்த மாதமே அவளைக் கூப்பிட்டார்.

"எத்தனை நாளைக்குத்தான் நாலு சுவத்துக்குள்ள உக்காந்து வரைவீங்க? பத்து நாள் வெளிய போங்க. மலை, கடல், மியூசியம் எல்லாம் பாருங்க. செலவு கம்பெனியோடது. புதுசா எதையாவது கொண்டாங்க."

"எங்க போகணும் சார்?"

"அதையும் நானே சொன்னா அப்புறம் என்ன இருக்கு?"

அன்றுவரை அவள் தனியாக ஊர் தாண்டியதில்லை. கடைசியில், பேருந்து நேராகப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏரிக்கரை ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

விடுதி அறைக் கதவைத் திறந்தவள் பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். கட்டிலில் விரித்திருந்தது அவளுடைய இலை. ஏழாம் வருடத்துப் பச்சை. வேறு விரிப்பு கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தது அதே இலையின் பழுப்பு. விரிப்பைப் புரட்டிப் போட்டுப் படுத்தாள். சாயம் நன்றாக ஊறிய துணி, இலை மறுபக்கத்திலும் தெரிந்தது. அந்த ஆழத்துக்குச் சாயம் இறங்க வேண்டும் என்று மாஸ்டரிடம் மல்லுக்கு நின்றவளும் அவள்தான்.

மறுநாள் ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரின் அலையை வரைந்தாள். அலை இலையாக வந்தது. படகின் முனையை வரைந்தாள். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேகம், கல், வாத்தின் முதுகு, எதை எடுத்தாலும் அந்தப் பழைய வளைவில் போய்த்தான் முடிந்தது. பதினெட்டு வருடம் ஒரே கோட்டில் ஓடிய கை, வேறு வழி மறந்துவிட்டது. ஆலையை விட்டு வந்துவிடலாம், கையை எங்கே விட்டுவிட்டு வருவது? நோட்டை மூடி வைத்துவிட்டு அங்கேயே அழுதாள்.

மூன்றாம் நாள் அந்த ஊர் மியூசியத்தில் ஒரு பழைய மண்ஜாடியைப் பார்த்தாள். அதன் பூச்சு முழுக்க மயிரிழை விரிசல்கள். ஒன்றுபோல ஒன்று இல்லை. ஏதோ தோன்ற, பென்சிலை இடது கைக்கு மாற்றினாள். கோடு நடுங்கியது, இழுத்த பக்கம் போகாமல் முரண்டு பிடித்தது. ஆனால் இலையாக மட்டும் ஆகவில்லை. மூன்று மணி நேரம் அசையாமல் வரைந்தாள். காவலர் வந்து, "அம்மா, மூடப் போறோம்," என்றபோதுதான் கால் மரத்திருப்பதே தெரிந்தது. மிச்ச நாட்களில் ஈரப் படிக்கட்டில் விழுந்த கம்பி நிழல், துருப்பிடித்த கதவு, வண்டின் ஓடு என்று முப்பத்து நான்கு பக்கம் நிரப்பினாள்.

திரும்பி வந்து காட்டியபோது மேனேஜர் அசந்துபோனார். விரிசல் டிசைனை முதலாளியிடம் அவரே எடுத்துக்கொண்டு போனார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இலை எங்கம்மா?"

"இதுல இலை கிடையாது சார்."

"கடைக்காரன் கேப்பானே. ஒண்ணு பண்ணு, இதைப் பின்னால வெளுப்பா விட்டுட்டு மேல இலையைப் போடு."

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த வீட்டு மருமகன்தானே.

இலை போட்டார்கள். முந்தைய எல்லா வருடத்தையும் விட அதிகமாக விற்றது. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறோர் ஆலைக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கிருந்தவர் அவள் வேலை செய்யும் இடத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "அந்த இலை நீங்கதானா? எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்திடுங்க," என்றார். நோட்டைப் பிரிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது ஒன்றே ஒன்று. பிரிண்டிங் மாஸ்டரிடம் போய், "கழிவுத் துணியில மூணு மீட்டர், விரிசலை மட்டும் அடிச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டாள். மாஸ்டர் காரணம் கேட்கவில்லை. விரிசலுக்கான அச்சு ஸ்கிரீனைக் கழுவுமுன் அடித்துக் கொடுத்தார். அவளே தைத்துச் சட்டையாகப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள்.

தாழ்வாரத்தில் முதலாளி நின்று பார்த்தார். தன் ஆலைத் துணி என்று அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்கே. எந்தக் கடை? ஒரு போட்டோ எடுத்துக்கறேன், இதை நம்ம இலைக்குப் பின்னால..."

"வேண்டாம் சார்," என்றாள். அந்த ஆலையில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் டிசைன் அறைக்குள் போய், அடைத்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, அந்த வருடத்து இலைக்கான ஊதா நிறத்தைக் கலக்கத் தொடங்கினாள்.