வில்லியனூர்ப் பாலத்தில் விழுந்தவள்

1957 ஐப்பசி மழையில் வில்லியனூர் போகும் வண்டிப்பாதை அறுந்துபோனது. வெள்ளம் வடிந்த பிறகும் யாரும் அதைச் சரிசெய்யவில்லை. வீராம்பட்டினத்து மீன்காரப் பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றி, ஆற்றுக்கு மேலே உயரத்தில் போகும் ரயில் பாலத்தில் தண்டவாளத்தின் கட்டைக்குக் கட்டை கால் வைத்து அக்கரைக்குப் போனார்கள்.

கன்னியம்மாளும் அவள் தங்கை குஞ்சம்மாளும் அப்படிப் போன ஒரு காலையில், பாதிப் பாலத்தில் ரயில் வந்துவிட்டது. ஒதுங்கி நிற்கத் தூணுக்கு மேலே பக்கவாட்டில் ஓர் இரும்புத் தட்டு உண்டு. முன்னால் போன குஞ்சம்மாள் கூடையை எறிந்துவிட்டு அதில் ஏறிக்கொண்டாள். பின்னால் ஓடிவந்த கன்னியம்மாள் தட்டின் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தாள். தட்டு ஆடியது.

"எடமில்லக்கா! ரெண்டு பேரும் போயிடுவோம்!"

"கொஞ்சம் நவுருடி!"

குஞ்சம்மாள் நகரவில்லை. அக்காவின் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டாள்.

கன்னியம்மாள் தூணின் அடிக்கல்லில் விழுந்தாள். உயிர் போகவில்லை, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், சுற்றி நின்றவர்களிடம் சொன்னாள்: "தங்கச்சி என் கையப் புடிச்சி இழுத்துப் பாத்துச்சி. பாரம் தாங்கல."

அக்கா மன்னித்துவிட்டாள் என்று குஞ்சம்மாள் அழுதாள்.

தை பிறந்ததும் கன்னியம்மாள் தன் புருஷன் இருசப்பனுக்கே தங்கையைக் கட்டிவைக்கச் சொன்னாள். "எம்மேல உசுர வச்சிருக்கறவ. வேற எவ என்னப் பாப்பா?"

தாலி ஏறிய அன்றிலிருந்து அக்காவுக்கு மலம் அள்ளுவதும் முதுகுப்புண் கழுவுவதும் குஞ்சம்மாளின் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் கன்னியம்மாள் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் விரல்களைத் தடவிக்கொண்டே பாலத்துக் கதையைச் சொல்வாள்.

ஒருநாள் குஞ்சம்மாள் அவள் காலில் விழுந்தாள். "நடந்தத சொல்லிடுக்கா. ஊரு என்ன அடிச்சே கொல்லட்டும்."

"இன்னாத்தடி சொல்ல? நீ என்னக் காப்பாத்தத்தான பாத்த?"

நான்காம் வருஷம் மாசி மகத்துக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, குஞ்சம்மாள் நடுவீட்டில் நின்று கத்தினாள். "நாந்தான் கையப் பிரிச்சி உட்டேன்! நாந்தான் தள்ளுனேன்!"

ஒருவரும் நம்பவில்லை. பெண்கள் ஓடிவந்து அவள் நெற்றியில் திருநீறு பூசினார்கள். இருசப்பன் வேப்பிலை ஒடிக்கப் போனான்.

"தங்கச்சிய அடிக்காதீங்க," என்றாள் கன்னியம்மாள் பாயில் கிடந்தபடி. "எனக்காகக் கண்ணு முழிச்சி முழிச்சி புத்தி கலங்கிடுச்சி. எங்கனா ஓடிடப் போவுது, கட்டிப்போடுங்க. சோறு மட்டும் வேளைக்குக் குடுத்துடுங்க."

வீட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். காலையில் அக்காவைக் கழுவிவிட மட்டும் அவிழ்த்துவிட்டார்கள்.