தோழியும் இருநூற்று நாற்பது ஓக் கன்றுகளும்

சனிக்கிழமை காலை 7.52. சுவிஸில், லாங்கன்தால் நகருக்கு வெளியே, காட்டுப் பாதை முடியும் இடத்தில் காரை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டவை பதினொரு நீலச் சாக்குகள். ஒரு வெள்ளை வான் வண்டியின் பின்னால் பூட்டிய ட்ரெய்லரில் அவை வரிசையாக நின்றன. கார்க் கதவைத் திறக்க முதலே மணம் உள்ளே வந்துவிட்டது.

"மாட்டெரு," என்றாள் மனைவி. "ஆரோ காட்டுக்கு எரு கொண்டந்திருக்கினம்."

கொண்டுவந்தவர் ட்ரெய்லருக்கு அப்பால் நின்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கு நான்கு வகுப்பு மேலே படித்தவர். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டக்காரக் குடும்பம். இங்கே இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலை வேலை. எல்லோருக்கும் அவர் அண்ணை. காற்சட்டை முழுக்கச் சேறு. ஆறரைக்கே வந்து பதினான்கு கிடங்குகளை வெட்டி முடித்திருந்தார். ஒவ்வொன்றும் முழங்கால் ஆழம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாளி எரு.

"வந்திட்டியோ தம்பி!" என்று கத்தினார். "பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரன் சும்மா தந்தவன். ஏத்தியும் விட்டவன். இனிப் பார், உன்ரை மரம் வானத்தைத் தொடும்!"

உன்ரை மரம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அன்று அந்தக் காட்டில் முப்பத்தொரு பேர் கூடியது என் மகளை ஒரு விமானத்தில் ஏற்றுவதற்காக.

ஜனவரியில் என் தம்பி தொலைபேசியில் அழைத்திருந்தான். யாழ்ப்பாணத்தில் மின்சார வேலை செய்கிறவன். வயது நாற்பத்தாறு. அவனுடைய கல்யாணப் பேச்சை நாங்கள் கைவிட்டுப் பல வருடம். "அண்ணா, சரிவந்திட்டுது," என்றான். ஆவணியில் நாள். நானும் மனைவியும் குசினிக்குள் நின்று போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து மணி அடித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் கையைத் தட்டினார்.

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு ஒரு தோழி நிற்க வேண்டும். தாலி கட்டும்போது பின்னால் நின்று உதவுகிறவள். வழக்கமாக மாப்பிள்ளையின் சகோதரி. எங்களுக்குச் சகோதரி இல்லை. "என்ரை பெறாமகள்தான் தோழி," என்று தம்பி தீர்த்துச் சொல்லிவிட்டான். "அவள் வராட்டி நான் மணவறையில இருக்கமாட்டன்."

அந்தப் பெறாமகள் என் ஒரே மகள். வயது இருபது. பெர்னில் சூழலியல் படிக்கிறாள். நான்கு பேரோடு பகிர்ந்து இருக்கிற வீட்டின் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. படிப்பு முடியும்வரை விமானம் ஏறுவதில்லை என்று அதில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அவளுடையது இரண்டாவது.

"சித்தப்பான்ரை கலியாணம், பிள்ளை," என்றேன் தொலைபேசியில்.

"தெரியும் அப்பா. சந்தோசத்தில அழுதிட்டன். ஆனா நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"நீ ஏறாட்டிலும் அந்தப் பிளேன் பறக்கும்தானே?"

"அப்பிடி எல்லாரும் சொல்லித்தான் அது பறக்குது."

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் பத்திரிகை மேசையில் செய்திகளைத் திருத்தி வெட்டியவன் நான். இப்போது தொழிற்சாலையில் பாகங்களின் அளவு சரிபார்க்கிறேன். வெட்ட இடமில்லாத வாக்கியத்தைக் கண்டால் தெரியும். ஆகவே வேறு பக்கத்தால் போனேன். மரம் நடுவோம் என்றேன். நாங்கள் மூன்று பேர் போய்வருகிற புகை முழுவதையும் இழுக்கிற அளவுக்கு நடுவோம்.

மகள் கேட்டாள்: "ஆரின்ரை நிலம்? என்ன மரம்? ஆர் பாக்கிறது? எத்தினை வருசம் நிக்கும்? நாலுக்கும் பதில் கொண்டாங்கோ. பிறகு கதைப்பம்."

மாட்டேன் என்று சொல்லவில்லை! எனக்கு அது போதும். அடுத்த ஐந்து வாரம் கால் நிலத்தில் பாவவில்லை. நகரசபையை அழைத்தேன், அவர்கள் காட்டுக்குப் பொறுப்பானவரின் இலக்கத்தைத் தந்தார்கள். ஃபொர்ஸ்டர் என்பார்கள் இங்கே. அவர் ஒரு பெண். அடுத்தடுத்து வறண்ட கோடைகளில் வாடிப்போன ஊசியிலை மரங்களுக்குள் பட்டை வண்டு இறங்கி, ஒரு சரிவு முழுவதும் செத்துப்போனதாகச் சொன்னார். அதில் நட ஓக் கன்றுகள் இருநூற்று நாற்பது வருகின்றன, கைகள்தான் போதாது என்றார். கைகள் என்னிடம் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் குழுவில் செய்தி போட்டேன். தோழி கதை அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. கல்யாணத்துக்கு ஆள் சேர்வதுபோல் சேர்ந்தது.

7.58க்கு ஃபொர்ஸ்டரின் வாகனம் வந்தது. நாற்பது வயது இருக்கும்; பச்சை மேற்சட்டை, கையில் ஒரு ஒடுங்கிய மண்வெட்டி. கைகொடுத்தார். மூக்கை உறிஞ்சினார். நேரே முதலாவது கிடங்குக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. இந்த நாட்டில் காட்டுக்குள் எந்த உரமும் போடுவது சட்டத்தால் தடை என்றார். எருவும் உரம்தான். நிலத்தடி நீருக்குக் கேடு. போதாததற்கு, கொழுத்த கிடங்குக்குள் வைத்த கன்றின் வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், வெளியே தேடிப் போகாது.

தமிழில் சொன்னேன். அண்ணை மண்வெட்டியை நிலத்தில் குத்தினார்.

"மரத்துக்குச் சாப்பாடு போடக்கூடாது எண்டு ஒரு சட்டமோ? மாட்டுக்குப் பூ வைச்சு மணி கட்டி ஊர்வலம் விடுறாங்கள், மரத்தைப் பட்டினி போடுறாங்களே! என்ன நாடடாப்பா இது!"

அவர் என்ன சொல்கிறார் என்று ஃபொர்ஸ்டர் என்னைக் கேட்டார். மிகவும் வருந்துகிறார் என்றேன்.

"அப்பா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மாமா அப்பிடியே சொன்னவர்?"

மகள். ரயில் நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம் நடந்தே வந்திருந்தாள். ஃபொர்ஸ்டருக்குக் கைகொடுத்து, அண்ணை சொன்னதை மாடு, பூ, மணி ஒன்றும் விடாமல் சுவிஸ் ஜெர்மனில் சொன்னாள். ஃபொர்ஸ்டர் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். அண்ணையும் சிரித்தார். நான் மட்டும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினான்கு கிடங்குகளையும் கையால் கிண்டி வெறுமையாக்க நாற்பது நிமிடம் எடுத்தது. மகள் முழங்கைவரை எருவோடு நின்றாள். அதன் பிறகு வேலை பறந்தது. ஃபொர்ஸ்டர் நடுகிற முறையைக் காட்டினார். ஒரு வெட்டு, அதற்குக் குறுக்கே இன்னொரு வெட்டு. மண்ணை நிமிர்த்தி, வேரை இறக்கி, மண்ணை மடித்து, குதிக்காலால் ஒரு மிதி. பிறகு மான் கடிக்காமல் இருக்கக் கன்றைச் சுற்றி ஒரு குழாய். கிடங்கு இல்லை, தண்ணீர் இல்லை, எரு இல்லை. "பிள்ளையைப் பிறந்த அண்டைக்கே வேலைக்கு அனுப்பிற மாதிரியெல்லே இருக்கு," என்று அண்ணை முணுமுணுத்தார். ஆனால் எல்லோரையும்விட வேகமாக நட்டவர் அவர்தான். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒரு சோடியை இன்னொரு சோடி முந்தப் பார்த்தது. சரிவின் மேலேயிருந்து யாரோ எண்ணிக்கையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். "எழுபத்தெட்டு! எழுபத்தொன்பது! ஏய், அதை ஆர் சரிச்சு வைச்சது?"

10.15க்குத் தேநீரும் ரோல்ஸும். வெட்டிய அடிமரங்களில் குந்தினோம். ஃபொர்ஸ்டர் ஒரு ரோல்ஸைக் கடித்து உறைப்பில் கண்ணீர் விட்டு, இரண்டாவதையும் எடுத்தார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு," என்றார் அண்ணை மகளிடம். "இந்த வெக்கைக்கு ஆர் காரணம்?"

"எண்ணெய், நிலக்கரி, வாயு. மண்ணுக்குக் கீழ கோடிக் கணக்கான வருசமா மூடிக் கிடந்ததைத் தோண்டி எரிக்கிறம், மாமா. அந்தப் புகை மேல போர்வை மாதிரிக் கிடக்குது. சூடு வெளிய போகேலாது. காடு வெட்டுறதும் சேருது. மாடும் சேருது."

"மாடுமோ?"

"ஓம். அதின்ரை ஏவறை, அந்த ஏப்பத்தில வாற வாயு."

அண்ணை ட்ரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் ஒரு வண்டில் குற்றத்தை ஏத்திக்கொண்டெல்லே வந்திருக்கிறன்!"

அதோடு எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது. ஒருவர் தன் வீட்டு நிலவறையில் இருக்கிற எண்ணெய்க் கொதிகலனைச் சொன்னார். ஒருவர் தனி ஆளாகக் காரில் சூரிச்சுக்கு வேலைக்குப் போய்வருவதைச் சொன்னார். "ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு மூண்டு நாளில ரொறன்ரோ போய் வந்தனான்," என்றார் இன்னொருவர். "ரெண்டு நாள்," என்று திருத்தினார் அவருடைய மனைவி. "அதிலயும் ஒரு நாள் நித்திரை." காட்டுக்குள் அவ்வளவு சிரிப்பை அந்தச் சரிவு கேட்டிருக்காது.

சிரிப்பு அடங்கியபோது அண்ணை என்னிடம் திரும்பினார். "தம்பி, உவ ஃபொர்ஸ்டரைக் கேள். இந்த இருநூற்று நாப்பதும் மூண்டு பேர் ஊருக்குப் போய்வாற புகையைச் சரிக்கட்டுமோ?"

முப்பது முகம் என்னைப் பார்த்தது. மகள் தன் குவளையைப் பார்த்தாள். ஐந்து வாரமாக நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. ஜெர்மனில் கேட்டேன். ஃபொர்ஸ்டர் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு ஆறுதலாக, நீளமாகப் பதில் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

மரம் நடுவது நல்லது, அது புகையை இழுப்பது உண்மை, என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த ஓக் மரங்கள் வறண்ட கோடையைத் தாங்கும், இந்தச் சரிவை மண்சரியாமல் பிடிக்கும், நீங்கள் வராவிட்டால் இந்த வசந்தத்தில் அவை நடப்பட்டிரா, என்றேன். கைதட்டினார்கள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். பத்திரிகையில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். ஃபொர்ஸ்டரின் பதிலில் கீழே நான்கு வாக்கியம் மீதி இருந்தது. மகள் குவளையிலிருந்து கண்ணை எடுத்திருந்தாள்.

இந்த இடம் முன்பும் காடுதான், நாங்கள் நடாவிட்டாலும் இங்கே ஏதோ முளைத்திருக்கும், என்றேன். விமானம் ஒரே நாளில் விடுகிறதை இந்தக் கன்றுகள் இழுத்து முடிக்கப் பல பத்து வருடம் வேண்டும். இடையில் வண்டோ புயலோ தீயோ வந்தால் இழுத்தது திரும்ப மேலே போய்விடும். ஆகவே சரிக்கட்டும் என்று தன்னால் சொல்ல முடியாது என்கிறார்.

"அட பாவி!" என்றார் அண்ணை. "உன்ரை வழக்கை நீயே தோத்துப்போட்டியே!"

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வியப்பு. மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு முன்னைவிட வேகமாக நட்டார்கள். காடு காடாக வேண்டுமே என்றாள் மனைவி, ஏதோ தன் வீட்டு முற்றம் போல. மகள் வெட்ட நான் வைத்தேன். 3.20க்கு மேலேயிருந்து "இருநூற்று நாப்பது!" என்று கத்தியபோது ஃபொர்ஸ்டர் கையிலிருந்த தொப்பியை எறிந்தார்.

மகள் காரில் ஏறமாட்டாள் என்று தெரியும். மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவளோடு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். இருவரிடமும் எரு மணத்தது.

"கடைசி வரி வரைக்கும் சொன்னீங்கள்," என்றாள்.

"ஓம்."

"நான் வாறன் அப்பா."

நின்றுவிட்டேன்.

"மரத்தைச் சாட்டி இல்லை. குளிர்ப்பெட்டியில ஒட்டியிருக்கிற தாளில என்ரை பேரை நாலு பேருக்கும் முன்னால நானே வெட்டுவன். பேசுவினம். பேசட்டும். சித்தப்பாவுக்குத் தோழி வேணும்." பிறகு என்னை நேரே பார்த்தாள். "நீங்கள் இரண்டு வருசத்துக்கு ஒருக்காப் பறக்கிறீங்கள். என்ரை ஒரு பயணத்துக்கு உங்கடை எத்தினையை விடுவீங்கள்?"

"மூண்டு," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது ஆறு வருடம் என்று விளங்கியது.

"எழுதித் தாறீங்களோ?"

நடுகை வரைபடத் தாள் ஒன்று என் பையில் கிடந்தது. நிலையத்து வாங்குப் பலகையில் வைத்து அதன் பின்பக்கம் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தேன். அவள் சாட்சிக் கையெழுத்து வைத்து மடித்துச் சட்டைப் பைக்குள் செருகினாள். ரயில் வந்தது. கதவு மூட முதலே தம்பிக்கு அழைத்துவிட்டேன்.

"தோழி வாறாள்!" என்று ரயில் மேடையில் நின்று கத்தினேன். அங்கே ஏதோ கருவி கையிலிருந்து விழுகிற சத்தம் கேட்டது. "உண்மையோ அண்ணா? உண்மையோ?" என்று மூன்று தரம் கேட்டான். மேடையில் நின்ற ஒரு வயோதிபர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பற்றியும் சொன்னேன்.

"வடிவா எழுதிக் குடுத்திருக்கிறீங்கள்," என்றாள். "நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கேல்லை."

ஆவணியில் மகள் மயில்நீலச் சேலையில் தம்பிக்குப் பின்னால் நின்றாள். தாலியின் மூன்றாவது முடிச்சை அவள்தான் இறுக்கினாள்.

தம்பிக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். இப்போது பதினாறு மாதம். மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் குழந்தையைத் தொலைபேசித் திரையில் பார்த்திருக்கிறேன்.