மரம் அறுத்த குழி

கொல்லிமலை அடிவாரத்தில், பழைய மர டிப்போ இருந்த மேட்டில் நீளமான குழி ஒன்று கிடக்கிறது. படித்தவர்கள் வந்து பார்த்துவிட்டு அதைப் பாண்டவர் குழி என்கிறார்கள். அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடமாம். ஒரு மண்ணும் இல்லை. அது மரம் அறுத்த குழி. அதற்குள் நான் ஆறு வருடம் நின்றேன்.

மலையிலிருந்து வண்டியில் வரும் மரத்தைக் குழிக்கு மேலே நீளவாக்கில் ஏற்றுவோம். ஒருவன் மரத்தின் மேல் நிற்பான், ஒருவன் குழிக்குள். நடுவில் ஆளுயர ரம்பம். மரத்தில் கரிநூலால் அடித்த கோடு மேலே நிற்பவனுக்குத்தான் தெரியும். கீழே நிற்பவனுக்குத் தூள்தான். கண்ணில், மூக்கில், சோற்றில்.

மேலே நின்றவர் என் அக்காள் புருஷன். பெண் எடுத்தவர் கீழே, பெண் கொடுத்தவன் மேலே என்று நிற்க முடியுமா? யாரும் சொல்லாமலே நான் இறங்கினேன். "ஏனுங்க, குழியில கெடக்கறது உங்க மச்சினனா, பெருச்சாளியா?" என்று வண்டிக்காரர்கள் அவரிடம் கேட்பார்கள்.

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு போட்ட சண்டைக்காலத்தில், ரயில் பாதைக்குக் கட்டை வேண்டுமென்று டிப்போக்காரர்கள் நெருக்கினார்கள். எனக்கு இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் வேலை நடுவில் ஏறி வந்துவிட்டேன்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாளைக்கு நீங்க எறங்குங்க. நான் மேல நிக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. வெற்றிலையைத் துப்பினார். "வேண்டாங்க மாப்ள. நீங்க ஊட்டுக்கே போங்க. போறப்ப உங்கக்காளையும் கூட்டிட்டுப் போயிருங்க."

அப்பன் செத்த பிறகு எங்களுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

சோற்றுச் சட்டியோடு வந்த அக்காள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். சட்டியை இறக்கி வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, ரம்பத்தின் கீழ்ப்பிடியைப் பிடித்தாள்.

"அக்கா, மேல வா."

"நீதான் ஏறிட்டயே. போ சாமி, நெழல்ல போய் ஒக்காரு. நான் இழுக்கறேன்."

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மாமா நிறுத்துவார் என்று பார்த்தேன். அவர் ரம்பத்தைத் தூக்கினார். அவள் இழுத்தாள். நாலு இழுப்புக்குள் அவள் தலையெல்லாம் தூள்.

குதித்து இறங்கிப் பிடியைப் பிடுங்கினேன். நாயே பேயே என்று அவளைத் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் மேலே நின்றார். அவள் ஏறிப் போய்விட்டாள்.

"கோட்ட வுட்டு வெலகுது. நேரா இழுங்க மாப்ள" என்றார் மாமா.

நேராக இழுத்தேன்.