எடைக்கு எடை வெல்லம்

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், அம்மாவின் தம்பியான என் மாமா ஒரு வெளிநாட்டுக் காரை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வெல்லக் கொட்டகையின் முன்னால் நிறுத்தினார். ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த ஒரு பணக்காரர் பத்து வருஷம் ஓட்டி அலுத்துப்போய், பிறகு அவர் வீட்டுக் கோழிகள் ஐந்து வருஷம் முட்டையிட்டு அலுத்துப்போன கார் அது. கறுப்பு நிறம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே மாமா அதை வாங்கினார் என்பது நைனாவின், அதாவது என் அப்பாவின், கருத்து.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. நைனா கரும்பு போட்டு, சொந்தக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சினார். மாமா புத்தூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அந்தக் காரைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவது அவருடைய திட்டம். காரின் பெட்ரோல் என்ஜின் செத்துப்போயிருந்ததால் அதை எடுத்துவிட்டு ஒரு பழைய ஜீப்பின் டீசல் என்ஜினைப் பொருத்தியிருந்தார். பெரிய கார்களுக்கு அப்போது எங்கள் பக்கத்தில் நடந்த வைத்தியம் அதுதான். சமதரையில் வண்டி நன்றாகவே ஓடியது. ஏற்றம் வந்தால், அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சின்ன என்ஜினால் இழுக்க முடியவில்லை.

எங்களுக்கு அந்தக் கோடையில் ஓர் ஏற்றம் காத்திருந்தது. நான் திருப்பதி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவள். எடை ஒரு கிலோ நானூறு கிராம். பிழைத்துப் பத்து வயது வரை வந்துவிட்டால் துலாபாரத்தில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். உலகமெல்லாம் போகிற திருப்பதி மலைக்கு அல்ல. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்ன மலையின் பெருமாளுக்கு. அங்கே பஸ் ஏறாது. ஒன்பது வளைவுகள் கொண்ட குறுகலான பாதை. நைனா ஒரு ஜீப் பேசுவதாக இருந்தார். மாமா விடவில்லை.

"தம்பி கிட்ட இவ்ளோ பெரிய காரு இருக்கச்சொல்ல ஜீப்புல போவியாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவால் அவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

கோயிலுக்குப் போகும் நாளுக்கு நான்கு வாரம் முன்னதாக, இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு மாமா வெள்ளோட்டம் போனார். மூன்றாவது வளைவில் வண்டி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே இறங்கி வந்தார்கள்.

"இன்னா மச்சான், சாமி மூணாவது வளைவுக்கே எறங்கி வந்து பாத்துட்டுப் போயிட்டாரா?" என்றார் நைனா.

மறுநாள் காலை மாமா ஸ்பானர் பையோடு வந்து, "பாப்பா, நோட்டு எடு. வண்டிய எளைக்க வைக்கப் போறோம்," என்றார்.

வெல்லம் நிறுக்கும் மேடைத் தராசைக் காரின் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். அவர் கழற்றுவார், தராசில் வைப்பார், எண்ணைச் சொல்வார்; நான் எழுதுவேன். ஒரு பொருளின் எடையை அரைக் கிலோ பிசகாமல் எழுதுவதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான். ஓடாத ஏசி முப்பத்தெட்டு கிலோ. பின்சீட்டு முப்பத்தொன்று, அதை நிமிர்த்தியபோது உள்ளேயிருந்து கோழி இறகுகள் பறந்தன. முன்னும் பின்னும் இருந்த இரும்பு பம்பர்கள் சேர்ந்து இருபத்தேழு. ஸ்டெப்னி டயர், தரையில் ஒட்டியிருந்த கம்பளம், கதவுகளின் உள்பக்கத்து மரப்பலகைகள் எல்லாம் வெளியே வந்தன. மொத்தம் நூற்று அறுபத்து நான்கு கிலோ என்று கூட்டிச் சொன்னேன். ராஜா வீட்டுக் கூடம் போலிருந்த காரின் உட்புறம், பின்னால் விரித்த ஒரு கோணிப்பையோடு தகரக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. மாமா மறுபடியும் மலைக்குப் போனார், இந்த முறை நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு. ஆறாவது வளைவு வரை ஏறியது.

"இன்னும் எங்க கொறைக்கிறது?" என்று திரும்பி வந்து என்னைக் கேட்டார். "உங்க நைனா எழுவத்திரெண்டு கிலோ. அவர உட்டுட்டுப் போவ முடியாது. உன் கணக்குதான் பாப்பா டபுளு. நீ ஒரு கிலோ ஏறினா வெல்லமும் ஒரு கிலோ ஏறும். உங்கம்மா இப்பிடி உனுக்கு ஊட்டிக்கினே இருந்தா என் காரு எங்க ஏறும்?"

சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. நான் ஒரு கிலோ குறைந்தால் காருக்கு இரண்டு கிலோ மிச்சம்.

அம்மா ஊட்டிக்கொண்டே இருந்தாள் என்பதும் உண்மைதான். காலையில் நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் நிறைய ஊற்றிய உளுந்தங்களி, மத்தியானம் முட்டை, சாயங்காலம் வேர்க்கடலை உருண்டை. ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த மேடைத் தராசில் என்னை நிறுத்தி, எடையைப் பார்த்து, கொட்டகைத் தூணில் மஞ்சளைத் தொட்டு ஒரு கோடு போடுவாள். கிலோவுக்கு ஒரு கோடு. கடைசியாகப் போட்டது இருபத்து நான்காவது கோடு. கரும்பு ஆட்ட வருகிற பெண்களிடம் அதைக் காட்டுவாள். எனக்கு அது வெட்கமாக இருக்கும்.

மறுநாளிலிருந்து உளுந்தங்களி நாய்க்குப் போனது. வேர்க்கடலை உருண்டைகளை எருமைகளுக்குக் கொடுத்தேன்; அவை என்னைக் கண்டாலே எழுந்து நிற்கப் பழகிக்கொண்டன. முட்டையைப் பாவாடையில் சுருட்டிக் கொண்டுபோய் வைக்கோலுக்குள் புதைத்தேன். நான்கு இட்லி தின்றதாகச் சொல்லி இரண்டு தின்பேன். ராத்திரியில் வயிறு சத்தம் போடும்போது காரை நினைத்துக்கொள்வேன். ஏசியும் பம்பரும் கொடுத்துவிட்டுப் போன எடையில் என்னுடைய பங்கும் சேரப்போகிறது.

"கண்ணு உள்ள போயிக்கினு கீது இவளுக்கு," என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்றார் நைனா.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வெல்லம் எத்தனை கிலோ கட்டுவது என்று பார்க்க அம்மா என்னைத் தராசில் நிறுத்தினாள். இருபத்திரண்டு. அம்மா குண்டை நகர்த்தி மறுபடி பார்த்தாள். என்னை இறக்கிவிட்டு, நைனாவைக் கூப்பிட்டாள். நைனா பத்து கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, "தராசு சரியாத்தான் கீது," என்றார். அம்மா என்னை மறுபடி ஏற்றினாள். அதே இருபத்திரண்டு. அவள் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

கார் பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்த்து நான் சந்தோஷமாகச் சொன்னேன்: "மாமா, ரெண்டு கிலோ கொறைச்சிட்டேன். வெல்லத்தோட நாலு கிலோ."

எப்படிக் குறைத்தாய் என்று நைனா கேட்டார். நாய், எருமை, வைக்கோல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேங்கா," என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. உள்ளே போய்ச் சோறு பிசைந்து எடுத்துவந்து, நான் சின்னக் குழந்தை மாதிரி, கொட்டகை வாசலில் உட்காரவைத்து ஊட்டினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் கண் விழித்தபோது மாமா பின்சீட்டைத் திரும்பவும் காருக்குள் வைத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது முப்பத்தொண்ணு," என்றேன்.

"இருக்கட்டும். நீ சாஞ்சிக்கினு வரணும்."

அம்மா வெல்ல அச்சுகளை எண்ணிக் கூடையில் அடுக்கினாள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. இருபத்திரண்டோடு நிறுத்தவில்லை. இருபத்து நான்கு வைத்தாள். "அம்மா, நான் இப்ப இருபத்திரண்டுதான்," என்று நோட்டை நீட்டினேன். "போன அமாவாசைக்கு எவ்ளோ இருந்தியோ அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டாள். மூன்று வாரம் பட்டினி கிடந்து நான் சேர்த்ததை ஒரே காலையில் இருவரும் அழித்துவிட்டார்கள் என்று அழுகை வந்தது. மலையில் வண்டி நின்றுவிட்டால் நைனா என்ன சொல்வார் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

ஏழாவது வளைவில் வண்டி முனகியது. மாமா முதல் கியரிலேயே இழுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, கொஞ்சம் எறங்கினா தேவல," என்றார். அவருக்கு நைனா மாமா. நைனா கேலி எதுவும் செய்யாமல் இறங்கினார். அம்மாவும் இறங்கினாள். நானும் கதவைத் திறந்தேன்.

"நீ உக்காரு," என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நைனா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளினார். "நீ வண்டிய உடு மச்சான், நான் கீறேன்," என்ற குரல் டீசல் புகைக்குள்ளிருந்து வந்தது. அம்மா என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே வாழைப்பழத்தை உரித்து, "துன்னு, துன்னு," என்று நீட்டினாள். பின்சீட்டில் நானும் வெல்லக் கூடையும் மட்டும். இரண்டு மடங்கு கனக்கிற என்னை உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை இறக்கிவிட்ட அந்தக் கணக்கு எனக்குப் புரியவேயில்லை. ஆனால் வண்டி ஏறியது. ஒன்பதாவது வளைவில் மாமா ஹாரனை விடாமல் அடித்தார்.

கோயில் மண்டபத்து உத்தரத்தில் தராசு தொங்கியது. மஞ்சள் துணி விரித்த ஒரு தட்டில் என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். அடுத்த தட்டில் அம்மா வெல்லத்தை ஒவ்வொன்றாக வைத்தாள். இருபத்திரண்டாவது அச்சு வைத்தபோது நான் இருந்த தட்டு தரையை விட்டு எழுந்து சமமாக நின்றது. அம்மா நிறுத்தவில்லை. இருபத்து நான்கும் வைத்தபின், நான் எல்லோர் தலைக்கும் மேலே போய் ஆடிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு அச்சுலு தீசேயண்டி அம்மா, சமங்கா ராவாலி," என்றார் அர்ச்சகர். இரண்டை எடுத்தால்தான் சமமாகும், சமமானால்தான் வேண்டுதல் முடியும்.

"எடுக்க வாணாம் சாமி," என்றாள் அம்மா.

அவள் என் பக்கம் வந்து நின்றாள். கையை உயர்த்தி, என் முழங்காலுக்குப் பக்கத்தில் தட்டின் விளிம்பில் வைத்தாள். யாருக்கும் தெரியாதபடி மெதுவாக அழுத்தினாள். நான் இறங்கினேன். இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. அம்மாவின் மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது. அர்ச்சகர் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு மணியடித்தார். மாமா தூணின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா சாமியை ஏமாற்றுகிறாள்; அதுவும் தராசில்.

இறங்கும்போது நான் முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் அம்மா நைனாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுக்குக் கேட்காதபடி சொன்னேன்: "மாமா, அம்மா தட்ட அமுக்கிச்சி. நான் பாத்தேன். எனக்கு இன்னும் ரெண்டு கிலோ கொறையுது. சாமிக்குத் தெரிஞ்சா கோவிச்சிக்குமா?"

மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். இறக்கத்தில் கனமான வண்டிக்கு பிரேக் பிடிப்பது கஷ்டம், அவர் அந்தக் கவலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.