வடமுனைக் கப்பலில் சொன்ன ‘வேண்டாம்’

மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில், மொழிப் பாடசாலை விட்டு வரும் வழியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே பயணச்சீட்டு விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கப்பலின் படம் ஒட்டியிருந்தார்கள். இலையுதிர்காலச் சிறப்புப் பயணம். பிரெடெரிக்ஸ்ஹவுன் துறைமுகத்தில் காலையில் ஏறினால் கரையோரமாகவே வடக்கே போய், நாட்டின் முனையைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பலாம், கோப்பி இலவசம். என் டெனிஷ் அவ்வளவையும் வாசிக்கப் போதுமானதாக இருந்தது. வாசித்து முடித்ததும் மூளை ஒரு கணக்குப் போட்டது: கப்பலில் ஏறிவிட்டால் இடையில் ஒருவராலும் இறங்கிப் போக முடியாது. பஸ்ஸில் என்றால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார்கள். கடையில் என்றால் மிச்சக் காசைத் தந்ததோடு சரி. கடல் நடுவில் எங்கே போவார்கள்? யாராவது ஒருவர் என்னோடு கதைத்துத்தான் ஆகவேண்டும்.

நனைந்த சட்டையோடு உள்ளே போய்ச் சீட்டை வாங்கிவிட்டேன்.

அந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுத்துப் பரீட்சைகளில் வகுப்பில் நான்தான் முதலாவது. ஊரில் சாதாரண தரப் பரீட்சை, உயர்தரப் பரீட்சை என்று எழுதி எழுதித் தேய்ந்த கை. இலக்கணத்தைக் கரைத்துக் குடிப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பதென்று மனதுக்குள் இடமும் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் ஆசிரியை ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னார்: “உங்கள் டெனிஷ் கொப்பியில் நன்றாக இருக்கிறது. வாயில் இல்லை. ஆட்களோடு பேசுங்கள். இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் முதல் மாதமே திணறிப்போவீர்கள்.”

பேசலாம். ஆட்கள் எங்கே? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படிகளில் யாராவது இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சத்தம் கேட்டால் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு தற்செயலாகப் போவதுபோலப் போவேன். “ஹாய்” என்பார்கள். நானும் “ஹாய்” என்பேன். அன்றைய டெனிஷ் அதோடு முடிந்தது. குப்பை வாளி மட்டும் எப்போதும் காலியாக இருக்கும்.

வீட்டில் இருந்த ஒரே துணை அண்ணை. கூடப்பிறந்தவர் இல்லை, போருக்குத் தப்பி அகதிகளாக வந்த எங்கள் இருவரையும் நகரசபை ஒரே வீட்டில் போட்டதால் அண்ணையானவர். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஹேர்னிங்கில் ஒரு துணித் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. கப்பல் போகும் அந்த வாரச் சனிக்கிழமையே புறப்படுகிறார். அங்கே எங்கள் ஆட்கள் இருந்தார்கள்; பூசை, சோறு கறி, பின்னேரத்தில் கரப்பந்து. எனக்கும் அதே தொழிற்சாலையில் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார். போனால் தனிமை இல்லை. ஆனால் போனால் காலையிலிருந்து படுக்கும்வரை தமிழிலேயே காலம் ஓடிவிடும், படிப்பு என்பது வெறும் பேச்சாகிவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் அண்ணையிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். கப்பலில் போய் ஒரு டெனிஷ்காரரோடாவது மனிதரோடு மனிதராக இருந்து கதைத்துவிட்டு வந்தால் நான் ஓல்போர்க்கில் நிற்பேன். முடியாவிட்டால் பெட்டியைக் கட்டுவேன்.

“கடலைப் பாக்கக் காசு குடுக்கிற முதல் தமிழன் நீதான்,” என்றார் அண்ணை. “எங்கட பக்கத்தில கடலுக்குப் போறவன் மீனோட வருவான். நீ என்னத்தோட வரப்போறாய்?”

“கதையோட வாறன் அண்ணை.”

“கதையைப் பொரிச்சுத் தின்னேலாது. சரி, போட்டு வா. வந்து பெட்டியை அடுக்கு.”

அது ஒக்டோபர் பாடசாலை விடுமுறை. முன்பு பிள்ளைகள் தோட்டங்களில் கிழங்கு கிண்டப் போவார்களாம், அதனால் இன்னும் அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்றே சொல்லுகிறார்கள். கப்பல் நிறையக் குடும்பங்கள். கீழே நீளமான மேசைகள் போட்ட ஒரு கூடம் இருந்தது. நான் வேண்டுமென்றே ஒரு மேசையின் நடுவில் போய் இருந்தேன், இரண்டு பக்கமும் ஆட்கள் வரட்டும் என்று. வந்தார்கள். ஒரு பக்கம் ஒரு கதிரை விட்டும் மறுபக்கம் இரண்டு கதிரை விட்டும் இருந்தார்கள். தொப்பிகளையும் கையுறைகளையும் அந்த வெறும் கதிரைகளில் வைத்தார்கள்.

கோப்பிக்காரப் பெண் பெரிய கெண்டியோடு வந்தார். “கோப்பி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கோப்பி குடிக்க வேண்டும்போல் உயிர் துடித்தது. விடியவே புறப்பட்டு ரயிலில் வந்தவன், கை விறைத்திருந்தது. ஆனால் வாய் தன் பாட்டில் சொன்னது: “நை தக். இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன்.” வேண்டாம், நன்றி. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்கு ஊற்றினார். திரும்பி வருவார் என்று கோப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் மற்ற மேசைகளையும் முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேல்தட்டுக்கு ஏறினேன். காற்று காதைப் பிய்த்தது. வெயில் இருந்தது, ஆனால் சூடில்லாத வெயில். இடது கைப்பக்கம் கரை, கைக்கெட்டும் தூரம்போல. மலை ஒன்றுமில்லை. வெளிறிய மணல்மேடுகள், அவற்றின் உச்சியில் காற்றுக்குச் சாய்ந்த புல், அதற்குப் பின்னால் துருப்பிடித்த நிறத்தில் பற்றைக்காடு, சிவப்புக் கூரை வீடுகள் அங்கொன்று இங்கொன்று. எல்லாமே தாழ்வாக, வானத்துக்கு இடம் விட்டு ஒதுங்கி இருந்தன. அழகுதான். அழகாக இருக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் “அங்கை பார்” என்று சொல்லாமல் இருக்க முடிவதில்லை. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் உயிர்காப்பு வளையம் ஒன்று தொங்கியது.

பிறகு மணலுக்குள் ஒரு வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. தனிக் கோபுரம், கட்டடம் இல்லை. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, கம்பியில் சாய்ந்து நின்ற ஒருவர் என் பக்கம் திரும்பினார். முப்பது வயதிருக்கும். பின்னால் மனைவியும், மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு சிறுமியும் நின்றார்கள்.

“அது தேவாலயம்,” என்றார். “மணல் மூடிவிட்டது. ஒரு காலத்தில் சனம் கதவைத் தோண்டியெடுத்துத்தான் உள்ளே போய்க் கும்பிட்டார்களாம். கடைசியில் விட்டுவிட்டார்கள்.”

“எங்கள் ஊரில் இப்போது தேவாலயங்களுக்குள் மணல் இல்லை,” என்றேன். “வீடு இழந்த சனம்தான் நிறைந்திருக்கிறது.”

சொன்ன பிறகுதான் அந்த வசனம் எந்தக் கொப்பியிலும் எழுதிப் பார்க்காத வசனம் என்பது எனக்கு உறைத்தது. அவர் கம்பியை விட்டு நிமிர்ந்தார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். எப்படி வந்தேன், அம்மா எங்கே இருக்கிறார், என்ன படிக்க ஆசை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். சொற்கள் வந்தன! சில இடத்தில் தடுக்கி விழுந்தேன், மனைவி சொல்லை எடுத்துத் தந்தார், எழும்பி ஓடினேன். சிறுமி என்னிடம், “உங்கள் ஊரில் கடலில் குளித்தால் குளிராதா?” என்று கேட்டாள். “கடலும் சூடு. கரைக்கு ஏறினால் இன்னும் சூடு,” என்றேன். அவள் நான் பொய் சொல்லுகிறேன் என்று முடிவுசெய்து தகப்பனைப் பார்த்தாள். எனக்குள் ஒருவன் கைதட்டிக்கொண்டிருந்தான். அண்ணை, பெட்டியை நீங்கள் தனியத்தான் தூக்க வேண்டும்.

அப்போது அந்த மனிதர் சொன்னார்: “நாங்கள் கீழே சாப்பிடப் போகிறோம். மேசையில் இடம் இருக்கிறது. நீங்களும் வாருங்களேன்.”

இதற்காகத்தான் வந்தேன். இந்த ஒரு வசனத்துக்காகத்தான் மழையில் நனைந்து சீட்டு வாங்கினேன். நான் சிரித்தபடி நிலத்தைப் பார்த்துச் சொன்னேன்: “இல்லை, நன்றி. இப்போதுதான் சாப்பிட்டேன்.”

“சரி,” என்றார் அவர். “நல்ல பயணமாக இருக்கட்டும்.” மூவரும் படியிறங்கிப் போனார்கள்.

நான் அதே இடத்தில் நின்றேன். இரண்டு படி இறங்கியதும் திரும்பி “சும்மா வாரும்” என்பார் என்று நின்றேன். மனைவியை அனுப்புவார் என்று நின்றேன். சிறுமியாவது வந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள் என்று நின்றேன். கப்பல் முனைக்கு வந்துவிட்டது. இரண்டு கடல்கள் அங்கே முட்டுகின்றன. ஒரு பக்கத்து அலை மற்றப் பக்கத்து அலையில் மோதி நேராக மேலே எழும்புகிறது. எல்லோரும் ஓடிவந்து இடப்பக்கம் குவிந்தார்கள். ஒலிபெருக்கியில் கப்டன், பாதிப்பேர் தயவுசெய்து மறுபக்கம் போங்கள் என்றார். நான் போனேன். அந்தப் பக்கம் வெறும் கடல்தான் இருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு, இந்தச் சனம் எவ்வளவு குளிர்ந்த சனம் என்று டெனிஷிலேயே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு என் டெனிஷ் அருமையாக இருந்தது.

கப்பல் திரும்பித் துறைமுகத்தை நெருங்கும்போதுதான் குளிர் தாங்காமல் கீழே இறங்கினேன். அந்தக் குடும்பம் மூலை மேசையில் இருந்தது. நான்காவது கதிரை வெறுமையாக இருந்தது; அதில் தொப்பியோ கையுறையோ வைக்கவில்லை. தாய் கேக் பெட்டியை மகளிடம் நீட்டினார். “இன்னொன்று வேண்டுமா?” “நை தக்,” என்றாள் சிறுமி. தாய் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தார்.

அவ்வளவுதான். “ஒண்டு எடம்மா, அரைவாசி எடு, அம்மாக்காக” என்று ஒன்றுமில்லை. பிள்ளை வேண்டாமென்றது, தாய் நம்பினார், பெட்டி மூடப்பட்டது. சொந்தப் பிள்ளைக்கே இதுதான் முறை என்றால்?

எங்கள் பக்கத்தில் முதல் ‘வேண்டாம்’ ஒரு கணக்கிலேயே வராது. கேட்டவுடன் ஓமென்று கையை நீட்டுகிறவன் வீட்டில் வளர்ப்பில்லாதவன். இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் அதை நம்பாமல் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். நான் ஒரு வருடமாக இந்த நாட்டில் மரியாதையாக இருந்திருக்கிறேன்! ஆசிரியை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார், கஷ்டப்படாதீர்கள் என்றேன். வேலைப் பயிற்சிக்குப் போன பண்டகசாலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன், செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கால்பந்து விளையாடுகிறோம், வா என்றான். எனக்கு எதற்கு என்று சிரித்தேன். எல்லோரும் ஒருமுறை கேட்டார்கள். எல்லோரும் நான் சொன்னதை அப்படியே நம்பினார்கள்.

மூலை மேசைக்குப் போனேன். “மன்னிக்க வேண்டும். மேலே நான் வேண்டாம் என்று சொன்னேன். அது வேண்டாம் இல்லை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் நின்றபடியே விளக்கினேன், எங்கள் ஊரில் எத்தனை முறை கேட்பார்கள், எப்போது சம்மதிக்கலாம் என்று. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அப்படியானால் ஒருவருக்கு உண்மையிலேயே வேண்டாமென்றால் என்ன செய்வார்?”

“அவருக்குக் கஷ்டம்தான்,” என்றேன். “குடித்தே ஆகவேண்டும்.”

கணவர் நான்காவது கதிரையை இழுத்துவிட்டார். நான் இருந்தேன். சிறுமி பையிலிருந்து கேக் பெட்டியைத் திரும்ப எடுத்து, என் முகத்தைச் சோதிப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நீட்டினாள். “யா தக்,” என்றேன், அவள் கை முழுதாக நீளுமுன். கேக்கை வாயில் வைத்தபோது கப்பலின் ஊதல் கேட்டது. துறைமுகம் வந்துவிட்டது. மழைச்சட்டை, பை, குடை என்று எழும்பினார்கள். இறங்குபலகையில் கை தந்தார்கள். அவர்களுடைய கார் தரிப்பிடத்திலிருந்து வெளியே போகும்போது பின் கண்ணாடியில் மஞ்சள் சட்டை தெரிந்தது. பெயரைக்கூடக் கேட்கவில்லை நான். ரயிலில் ஓல்போர்க் வரும்வரை என் பெட்டியில் வேறு யாரும் ஏறவில்லை.

அண்ணை குசினியில் சட்டிகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன, டென்மார்க்கை வளைச்சுப் பிடிச்சிட்டியோ?”

நடந்ததைச் சொன்னேன். சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்ப என்னை அந்த மூண்டாம் மாடி மனுசி நத்தார்ப் பண்டிகைக்குக் கூப்பிட்டது உண்மையாத்தானோ?”

“உண்மையாத்தான் அண்ணை. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“தலையிடி எண்டு சொன்னன்.” கொஞ்சம் யோசித்தார். “பாவம், மனுசி குளிசை கொண்டந்து தந்தது.”

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: “ஒரு கேக்குத் துண்டு. அதுக்காக இஞ்ச தனியக் கிடக்கப்போறியோ? வா தம்பி, ஹேர்னிங்குக்கு.”

“வரேல்லை அண்ணை.”

“சும்மா வா. குளிர் வருது, இருட்டு வருது, ஆரோட கதைப்பாய்?”

“இல்லையண்ணை.”

“கடைசியாக் கேக்கிறன்.”

“இல்லை,” என்றேன். போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது மெய்யான ‘இல்லை’.

சனிக்கிழமை அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் என் மூச்சே எனக்குக் கேட்டது. ஞாயிறும் அப்படியே போயிற்று. திங்கள் பாடசாலையில், ஆசிரியை வகுப்பு முடிந்து கொப்பிகளை அடுக்கும்வரை காத்திருந்து, அந்த வீட்டு அழைப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்காமலே திரும்பிவிட்டேன். அது இன்னொரு நாளைக்கு. முதலில் கால்பந்து. பண்டகசாலைக்காரன் என்னைக் கூப்பிட்டது வசந்தகாலத்தில். ஆட்டத்தில் எனக்கு அந்த இடம் இன்னும் இருக்கிறதோ, அவன் என் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறானோ தெரியாது. நான் கிரிக்கெட் ஆடியவன். பந்தைக் காலால் தொட்டதே குறைவு. மைதானம் எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்று விசாரித்து வைத்தேன். செவ்வாய் பின்னேரம் அங்கே போய், அவன் கேட்குமுன் நானே கேட்பதென்று இருந்தேன்: இன்று உங்களுக்கு ஒரு ஆள் குறைகிறதா?